வெள்ளைக்கரட்டில் ஒன்பது கௌதாரிகள்

முத்திருளன் பிடித்த கௌதாரிகள் நாலாயிரத்து நூற்று அறுபது. இந்த எண்ணை அவர் சொல்லவில்லை. அவர் சொன்ன விவரங்களிலிருந்து நான் கணக்கிட்டது. இருபத்து மூன்றாம் வயதில் கண்ணி வைக்கத் தொடங்கி நாற்பத்தொன்பதாம் வயதில் நிறுத்தினார். இருபத்தாறு ஆண்டுகள், ஆண்டுக்கு இருபது வாரம், வாரத்துக்கு எட்டு. பெருக்கிச் சொன்னபோது அவர் கொஞ்சம் ஏமாற்றமடைந்தார்.

"நாலாயிரந்தேனா? கூட இருக்கும் சார். வீட்டுல தின்னதச் சேக்கலையே."

வீட்டில் தின்றவை எத்தனை என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆகவே சேர்க்கவில்லை.

அவர் ஊர் மேலக்கரட்டுப்பட்டி. உசிலம்பட்டியிலிருந்து மேற்கே டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம். அவர் தகப்பனாரும் கண்ணி வைத்தவர். அந்தத் தொழிலில் முக்கியமான கருவி கண்ணி அல்ல, கூண்டில் இருக்கும் பழக்கிய கௌதாரிச் சேவல். விடியுமுன் அதை ஒரு புதரடியில் வைத்து, சுற்றிலும் தரையில் சுருக்குகளைப் பரப்பிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். வெளிச்சம் வரும்போது கூண்டுச் சேவல் கூப்பிடும். அந்த இடத்துக்குச் சொந்தமான காட்டுச் சேவல் தன் எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டான் என்று பதில் குரல் கொடுத்தபடி சண்டைக்கு ஓடி வரும். கால் சுருக்கில் விழும்.

அவர் தொழிலை விட்டது 2011 மாசியில். அந்த மாதம் மூன்று விடியற்காலைகளில், மூன்று இடங்களில் கூண்டை வைத்தார். உள்ளே இருந்தது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்தும் பதில் வரவில்லை. "ஆளில்லாத வீட்டுக் கதவத் தட்டுன மாதிரி இருந்துச்சு சார்" என்றார். அவர் மனைவி அன்னக்கொடி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "மனசு மாறி விட்டாருன்னு எழுதிராதீக. முட்டிவலி. குத்தவச்சு உக்கார முடியல." இருவர் சொன்னதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அதன்பின் அவர் ஆடு மேய்த்தார். 2019 ஆவணியில் வெள்ளைக்கரட்டின் தெற்குச் சரிவில் ஒரு பெட்டையையும் ஐந்து குஞ்சுகளையும் பார்த்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் அவர் கண்ணில் பட்ட முதல் குடும்பம்.

வெள்ளைக்கரடு ஒரு தாழ்ந்த பாறை மேடு. அதைச் சுற்றி நாற்பத்தேழு ஏக்கர் அறுபத்து மூன்று சென்ட் புல்வெளி. இடையிடையே உடைமுள் புதர்கள். வருவாய்க் கணக்கில் அது 'தரிசு'. அந்த ஒரு சொல்லால் அந்த நிலத்தை எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

முத்திருளன் யாரும் கேட்காமலே அதற்குக் காவல் இருந்தார். மாசி பங்குனியில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்க வருபவர்களைத் தடுத்தார். நாய்களை விரட்டினார். ஆடுகளை ஒரே பக்கத்தில் விடாமல் மாற்றி மாற்றி மேயவிட்டார். புல் முழங்காலுக்கு மேல் போனால் கௌதாரியால் ஓட முடியாது, மொட்டையாக மேய்ந்துவிட்டால் ஒளிய இடமில்லை என்று அவருக்குத் தெரியும். ஊரில் இதற்குக் கேலி குறையவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் நல்லகாமன், "தின்னு தீத்துட்டு இப்பக் காவலா மாப்ள? பேசாம நீயே அடைக்கும் உக்காந்துரு" என்பாராம்.

2023 தொடக்கத்தில் காவ்யஸ்ரீ அங்கே வந்தாள். மதுரையில் நெசவும் ஜவுளிக் கடையுமாக இருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். மேற்குச் சமவெளியில் குறைந்துவரும் கௌதாரிக்காக ஒரு திட்டம் வகுக்கும் பொறுப்பு அவளிடம் இருந்தது. எல்லா இடத்திலும் காப்பாற்ற முடியாது. ஆகவே பதினான்கு இடங்களில் எண்ணிப் பார்த்து, பறவை தொடர்ந்து நிற்கக்கூடிய சில இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றில் முழுக் கவனத்தையும் செலுத்துவது என்பது ஏற்பாடு. பட்டியலில் இடம் பெறும் நிலங்கள் கணக்கில் 'தரிசு' என்பதிலிருந்து மேய்ச்சல் நிலமாக மாற்றப்படும். அதன்பின் அங்கே தோண்டவோ நடவோ முடியாது.

ஒரு இடம் பட்டியலில் சேரக் குறைந்தது பன்னிரண்டு சேவல்கள் கூப்பிட வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்தக் கூட்டம் சில ஆண்டுகளில் தானாகவே அழிந்துவிடும் என்பது நிபுணர்களின் முடிவு. வெள்ளைக்கரட்டுக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. மரம் நடும் அமைப்பு ஒன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் தரிசு நிலம் கேட்டு மனுக் கொடுத்திருந்தது. பட்டியலில் வராவிட்டால் கரடு அவர்களுக்குப் போகும். இது முத்திருளனுக்கும் தெரியும். மரத்தடியில் கௌதாரி வாழாது என்பதும் தெரியும்.

படிவங்களை எழுத என்னை அழைத்தார்கள். விளைச்சல் கணக்கெடுப்பில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று கே.கே. நகரில் இருக்கிறேன். காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. ஒரு கரட்டுக்கு மூன்று விடியற்காலைகள், 5.50 முதல் 6.50 வரை. குரல் கேட்ட நேரம், திசை, தோராயத் தூரம் ஆகியவற்றை எழுத வேண்டும். மூன்று நாளில் எது அதிகமோ அதுவே அந்த இடத்தின் எண்.

முத்திருளனுக்குப் படிவம் தேவைப்படவில்லை. வெள்ளைக்கரட்டில் ஒவ்வொரு சேவலையும் குரலைக்கொண்டு அறிந்திருந்தார், பெயரும் வைத்திருந்தார். நிறுத்தாமல் வாதாடுவது வக்கீல். எல்லோரும் கூப்பிட்டு ஓய்ந்தபின் இரண்டு தடவை மட்டும் கூப்பிட்டு முடித்துக்கொள்வது தாசில்தார். முதல் நாள், மார்ச் 11, ஆறே முக்கால் ஆகியும் எட்டுதான் கேட்டிருந்தது.

"தாசில்தார் இன்னும் ஆபீசுக்கு வரல" என்றார். அன்று கடைசிவரை வரவில்லை. காவ்யஸ்ரீ சிரித்துவிட்டாள். சிரிப்புச் சத்தத்தில் ஒரு குரல் தவறியிருக்கலாம் என்று குறிப்புப் பத்தியில் எழுதினேன்.

அவள் தாயாருடன் தங்கள் வீட்டு மொழியில் போனில் பேசுவதை அவர் உன்னிப்பாகக் கேட்பார். "தாயி, நீங்க பேசுறதுக்கு கௌதாரி பேசுறது எனக்கு நல்லா வெளங்குது" என்பார். அவளும் விடமாட்டாள். "அப்ப எங்க அம்மாவுக்கும் ஒரு பேரு வைங்கண்ணே" என்பாள்.

மார்ச் 12 அன்று ஒன்பது. தாசில்தார் 6.44க்கு வந்துவிட்டது. காவ்யஸ்ரீ முகம் வாடியதைப் பார்த்த முத்திருளன், இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்றார். அன்று பகல் முழுவதும் அவர் ஆடுகளை அவிழ்க்கவே இல்லை என்று அன்னக்கொடி பிற்பாடு என்னிடம் சொன்னார்.

மார்ச் 13 அன்று அவர் எங்களுடன் உட்காரவில்லை. ஆட்டுக்கு ஏதோ சீக்கு, பின்னால் வாரேன் என்று முந்தைய மாலையே சொல்லிவிட்டார். 6.12க்குத் தெற்குச் சரிவிலிருந்து ஒரு புதுக் குரல் கேட்டது. 6.13க்கு இன்னொன்று. 6.15க்கு மூன்றாவது. வழக்கமான ஒன்பதும் அன்று தவறாமல் கூப்பிட்டன; புதுக் குரல்களால் கோபமூட்டப்பட்டவைபோல முன்னிலும் உரக்கக் கூப்பிட்டன. மொத்தம் பன்னிரண்டு. காவ்யஸ்ரீ என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பன்னிரண்டு என்று எழுதினேன்.

எழுதியபின் நேரத்தையும் திசையையும் சரிபார்த்தேன். ஒன்பது சேவல்களின் திசையும் ஒரு மணி நேரத்தில் கொஞ்சமேனும் நகர்ந்திருந்தது. கௌதாரி மேய்ந்துகொண்டே கூப்பிடும். புதிய மூன்றும் 6.12 முதல் 6.50 வரை ஒரு டிகிரிகூட மாறவில்லை.

நான் சரிவில் இறங்கினேன். காவ்யஸ்ரீ பின்னால் வந்தாள். நூற்று எழுபது அடியில் மூன்று உடைமுள் புதர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சாக்கும் புல்லும் போர்த்திய ஒரு கூண்டு. மூன்றாவது புதருக்குப் பக்கத்தில் முத்திருளன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டிவலி உண்மைதான். எங்களைப் பார்த்ததும் எழ முயன்று, பிறகு வேண்டாமென்று இருந்துவிட்டார்.

முந்தைய ஆண்டு ஆனியில் கரட்டு ஓரத்தை டிராக்டர் உழுதபோது ஆறு முட்டைகளுடன் ஒரு கூடு சால் வழியில் கிடந்தது என்றார். எடுத்துவந்து கோழிக்கடியில் வைத்தார். ஐந்து பொரித்தன. வீட்டு முற்றத்தில் திரிந்த இரண்டு பெட்டைகளை நாய் கொண்டுபோயிற்று. மிஞ்சியவை இந்த மூன்று சேவல்கள்.

"இந்தக் கரட்டு முட்டைதேன் சார். அந்தப் பாவி உழாம இருந்திருந்தா இந்நேரம் இங்கிட்டுத்தேன் கத்திக்கிட்டுத் திரியும். பன்னண்டு சரியாத்தேன் இருக்கு."

கூண்டில் இருப்பது கணக்கில் வராது என்றேன். இப்போதே திறந்துவிட்டால் வருமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவரே தலையை ஆட்டி மறுத்துக்கொண்டார். கையில் தின்று வளர்ந்தவை, நாயைக் கண்டாலும் தீனிக்கு ஓடும், ஒரு நாள்கூடத் தாங்காது என்றார். பிறகு, "நாலாயிரத்தப் புடிச்சேன்னு எழுதுனீகள்ல. மூணத் திருப்பி வச்சேன்னு எழுதக் கூடாதா?" என்றார்.

நான் படிவத்தை விரித்தேன்.

"சார், நீங்க ஒண்ணும் பொய்யி எழுத வேணாம். எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும். பென்சில மட்டும் கீழ வச்சிருங்க."

நான் வைத்திருந்தது பேனா. பாறைமேல் படிவத்தை வைத்துத் திருத்தினேன். திருத்தத்துக்கு முறை உண்டு. பழைய எண் படிக்கும்படி ஒரே கோடு. மேலே புது எண். பக்கத்தில் காரணம், சுருக்கொப்பம், நேரம். பன்னிரண்டை அடித்து ஒன்பது என்று எழுதினேன். காரணம்: 'தெற்குச் சரிவில் கேட்ட மூன்று குரல்கள் கூண்டுப் பறவைகளுடையவை. வைத்திருப்பவர்: மேலக்கரட்டுப்பட்டி முத்திருளன்.' நேரம் 7.05.

காவ்யஸ்ரீ தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"ஒன்பது சரி சார். காரணம் எதுக்கு? பேரு எதுக்கு?"

காரணம் இல்லாத திருத்தத்தை யாரும் நம்ப மாட்டார்கள் என்றேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் காரணம் எழுதாமல் ஒரு எண்ணையும் மாற்றியதில்லை. அதையும் சொன்னேன். முத்திருளன் கூண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கை மூடிக் கட்டினார். மூன்றையும் ஒரே தடவையில் தூக்க முடியவில்லை. ஒன்றைக் காவ்யஸ்ரீ எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் கூட்டத்தில் அவள் வெள்ளைக்கரட்டுக்காக நாற்பது நிமிடம் வாதாடினாள். பன்னிரண்டு என்பது வேறு நிலங்களில் செய்த ஆய்விலிருந்து எடுத்த எண், இங்கே அது ஒன்பதாகவும் இருக்கலாம் என்றாள். ஒன்பதுக்கு இறக்கினால் இன்னும் நான்கு இடங்கள் உள்ளே வரும், பிறகு பட்டியல் எதற்கு என்றார்கள். அதுவும் நியாயமாகவே பட்டது. பதினான்கில் ஐந்து இடங்கள் தேறின. வெள்ளைக்கரடு தேறவில்லை.

அறிக்கையுடன் எல்லாப் படிவங்களின் நகலும் இணைப்பாகப் போயின. வெள்ளைக்கரட்டு மூன்றாம் நாள் படிவம் முப்பத்தோராம் பக்கம். அறிக்கை போன அலுவலகங்களில் அதை முழுவதும் படிக்க யாராவது ஒருவர் இருப்பார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. கௌதாரியைக் கூண்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலையில் எண்ணைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 17 அன்று சீருடை அணிந்த இருவர் முத்திருளன் வீட்டுக்கு முப்பத்தோராம் பக்கத்தின் நகலோடு வந்தார்கள். கூண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். பறவைகள் அன்று மாலையே தகுந்த இடத்தில் விடப்பட்டன என்று பதிவாகியிருக்கிறது. அது எந்த இடம் என்று முத்திருளன் இரண்டு தடவை போய்க் கேட்டார். தீனி வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். சொல்லவில்லை.

புரட்டாசியில் ஜே.சி.பி. வந்தது. பத்து நாளில் ஆறாயிரத்து இருநூறு குழிகள். நடவு நாளில் பந்தல் போட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பச்சைத் தொப்பி கொடுத்தார்கள். மேலக்கரட்டுப்பட்டியில் யாருக்கும் வருத்தமில்லை. வெறுங்காடு தோப்பாகப் போகிறதே என்று மகிழ்ச்சிதான். புங்கன், வேம்பு, நாவல், மருது. எல்லாம் நல்ல மரங்கள்.

வழக்கு 2024 ஜனவரியில் விசாரணைக்கு வந்தது. நான் சாட்சியாக அழைக்கப்பட்டேன். கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தக் கையெழுத்து உங்களுடையதா? ஆம் என்றேன். முட்டைகளைப் பற்றியோ டிராக்டரைப் பற்றியோ கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல வாய் திறந்தபோது போகலாம் என்றார்கள். முத்திருளன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வயதைக் கருதி, நீதிமன்றம் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று தண்டனை. காலை 11.20 முதல் மாலை 5.40 வரை சுவரோரம் நின்றார். உட்காரலாம் என்று ஒரு காவலர் சொன்னார். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்று நின்றே தீர்த்தார்.

வெளியே வந்ததும் நான் பேச வேண்டியதை அவரே எளிதாக்கிவிட்டார். "நீங்க ஆமான்னுதேன் சொல்லணும். இல்லன்னா உங்க மத்தக் கணக்கெல்லாம் என்னத்துக்கு ஆகும்?" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தேறிய ஐந்து இடங்களுக்கும் ஒரு காவலர் வைக்கத் திட்டத்தில் இடம் இருந்தது. காவ்யஸ்ரீ முத்திருளன் பெயரை மட்டுமே எழுதிக் கொடுத்தாள். பறவைக் குற்றத்தில் தண்டனை பெற்றவரை நியமிக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். இப்போது அந்த ஐந்து இடங்களிலும் வேறொருவர் சுற்றுகிறார். அவருக்குக் கௌதாரிக் குரலும் காடைக் குரலும் ஒன்றுதான் என்று அவள் வருந்துகிறாள்.

கரட்டில் மேய்ச்சல் நின்றுபோனது. மரக்கன்றுகளை ஆடு கடிக்கும் என்று வேலி போட்டுவிட்டார்கள். முத்திருளன் ஆடுகளை விற்றார். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் தேடினார்கள். அவர் போய்ச் சேர்ந்தார். நான் இதை நம்பாமல் கேட்டபோது, "வேற வேல எங்கிட்டு இருக்கு? கரட்டுக்குள்ள விடுறாங்கள்ல" என்றார் அன்னக்கொடி.

தண்ணீர் ஊற்றும் வேலையோடு அவர் ஒவ்வொரு மாதமும் எனக்குப் போன் செய்து எத்தனை குரல் என்று சொல்லிவந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், நான் எழுதினேன். 2024 மார்ச்: ஆறு. ஜூன்: ஐந்து. செப்டம்பர்: இரண்டு, வேலியோரத்தில் இறகுகள் கிடந்ததாகவும் நாய் என்றும் சொன்னார். டிசம்பர்: ஒன்று, வக்கீல். பிப்ரவரியில் போன் வரவில்லை.

2025 மார்ச் 13 அன்று நானே போனேன். அதே தேதி, அதே பாறை, 5.50. என்னுடன் வேறு யாரும் இல்லை. சரிவு முழுவதும் வரிசை வரிசையாகக் கன்றுகள், ஆளுயரத்துக்கு வந்தவையும் உண்டு. இடையில் மேய்ப்பாரில்லாத புல் இடுப்பளவு நின்று சாய்ந்திருந்தது. 6.20 வரை ஒன்றும் இல்லை. 6.22க்குத் தெற்குச் சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது. நிறுத்தாமல் மூச்சுவிடாமல் வாதாடும் குரல். வக்கீல்தான். நேரம், திசை, தூரம் எழுதி, எண் என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டேன்.

குரல் நின்றது. அதற்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டது, மறுபடி நின்றது.

6.40க்குப் புல்லை விலக்கிக்கொண்டு முத்திருளன் மேலே வந்தார். தோளில் தண்ணீர்க் குழாய் சுருண்டு கிடந்தது. என் மடியிலிருந்த படிவத்தைப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும்.

"அத அடிச்சிருங்க சார்" என்றார். "நான்தேன் கத்துனது."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஏதாச்சும் எதுத்துக் கத்துதான்னு பாத்தேன். தெனமும் பாக்குறதுதேன். நீங்க வந்தது தெரியாது."

6.50 வரை இருவரும் காதுகொடுத்து உட்கார்ந்திருந்தோம். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒன்றின்மேல் ஒரே கோடு போட்டு, மேலே சுழி எழுதினேன். காரணக் கட்டத்துக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது. அவர் அதைக் கவனித்தார்.

"எழுதுங்க. பேரையும் போடுங்க. இதுக்கு யாரும் கேஸ் போட மாட்டாக."

'6.22க்குக் கேட்ட குரல் முத்திருளனுடையது' என்று எழுதி, சுருக்கொப்பமிட்டு, நேரம் போட்டேன். 6.53. அவர் குழாயைப் பிரித்து இழுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு இறங்கினார்.